1317-ஆம் ஆண்டு ஐஸ் தொழிற்சாலை பற்றிய புகார்

கஃப்ர் நவ்ரஸ், ஏரிக்கரைத் தெரு.
ஹிஜ்ரி 1446 ஷவ்வால் 9, கி.பி. 2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை.
(இரண்டு நாட்காட்டிகளின்படியும் தேதி போட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. படிக்கப் படிக்க விளங்கும்.)

பெருமதிப்பிற்குரிய ‘ஃபானூஸ்’ இணையக் கலைக்களஞ்சியத்தின் தலைமை ஆசிரியர் உஸ்தாத் ஹில்மி ஸகரிய்யா அவர்களின் மேலான சமூகத்திற்கு, கஃப்ர் நவ்ரஸ் நகரசபையில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆவணக் காப்பாளராக இருந்து, அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாக எழுதாமல் ஓய்வு பெற்ற ஹாஜி ஃபிக்ரி அப்துல் பாகி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் களஞ்சியத்தைக் கட்டி மேய்க்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். வருகிற வசந்தத் திருநாளன்று தாங்கள் சாப்பிடப்போகிற உப்பு மீன் தங்கள் வயிற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கட்டும். இங்கே நாங்கள் யாரும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தங்கள் களஞ்சியத்தில் எங்கள் ஊர் ஐஸ் தொழிற்சாலைக்கென்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் மேற்படி பக்கத்தில், மேற்படி தொழிற்சாலை கி.பி. 1317-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது என்றும், அடுத்த வரியிலேயே அது நீராவி இயந்திரத்தால் ஓடியது என்றும் எழுதியிருக்கிறது. கி.பி. 1317! மம்லூக் சுல்தான்கள் குதிரைமேல் போய்க்கொண்டிருந்த காலம். அன்றைக்கு எங்கள் ஊரில் நீராவி வந்த இடம் மொச்சை வேகிற பானை ஒன்றுதான். தொழிற்சாலை வாசலுக்கு மேலே கல்லில் 1317 என்று செதுக்கியிருப்பது வாஸ்தவம். ஆனால் அது ஹிஜ்ரி ஆண்டு. கி.பி. கணக்கில் 1899. அந்தக் காலத்துக் கொத்தனார் எந்த நாட்காட்டி என்று பக்கத்தில் குறிக்கவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்த நாட்காட்டி அது ஒன்றுதான். அந்தக் கல்லின் நிழலில் படுத்து அசைபோடுகிற ஆட்டுக்குக்கூட இது தெரியும். தங்கள் களஞ்சியத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இதற்காக ஓய்வுபெற்ற மனுஷன் ஒருவன் இவ்வளவு கொதிக்க வேண்டுமா என்று தாங்கள் கேட்கலாம். எனக்கு லுப்னா என்று ஒரு மகள் இருக்கிறாள். ஒரே பிள்ளை. மூன்று வருஷமாக விடிந்தும் விடியாமல் மைக்ரோபஸ் பிடித்து, முன் இருக்கை கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், கிடைக்காவிட்டால் மீன் கூடைகளுக்கு நடுவே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் போய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்கிறாள். ஐஸ் வந்தபின் ஏரி மீனவர் குடும்பங்கள் எப்படி மாறின என்பது தலைப்பு. நான் பெற்ற பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, இப்படி ஒரு ஆய்வு இந்த ஏரியைப் பற்றி வந்ததில்லை. ஐஸ் வருவதற்கு முன்னால் பிடித்த மீனை அன்றைக்கே விற்க வேண்டும், விற்காத மீனை உப்பில் போட வேண்டும், உப்புப் போடுவது பெண்களின் வேலை, அந்த வேலையால் வீட்டில் அவர்கள் பேச்சுக்கு ஒரு மரியாதை. ஐஸ் வந்ததும் மீன் பெட்டியில் ஏறித் தலைநகருக்குப் போய்விட்டது, பெண்களின் வேலையும் அதோடு போயிற்று. இதைத்தான் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அத்தனையும் ஐஸ் வந்த வருஷத்தின்மேல் நிற்கிறது. அந்த வருஷம் 1899 என்றால் ஆய்வு நிற்கும். 1317 என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் எழுநூறு வருஷமாக வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை என் மனைவி நஜாத்திடம் விளக்கியபோது அவள் ஒரு கையில் அடுப்பையும் இன்னொரு கையில் துணி மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “சும்மா உக்காந்திருக்கோமா? யாரு? எங்கே? அந்த இடத்தைக் காட்டுங்க, நானும் போய் உக்காருறேன்” என்றாள்.

போன மாதம் ஆய்வுக்குழுவின் மூன்று பேராசிரியர்கள் முன்னால் லுப்னா நின்றாள். அவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தவர், திடீரென்று தலை நிமிர்ந்து, “ஏம்மா, இணையத்துல எங்கே பார்த்தாலும் 1317ன்னு போட்டிருக்கு, நீ மட்டும் 1899ங்கிறே. உனக்கு யார் சொன்னா?” என்றிருக்கிறார். லுப்னா கல்லின் படத்தைக் காட்டினாள். “பாரு, கல்லும் 1317ன்னுதானே சொல்லுது! ரெண்டு ஆதாரமும் ஒத்துப்போகுதே, அப்புறம் என்ன?” என்றாராம் அந்த மகானுபாவர். முடிவு என்னவென்றால், இந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் நம்பத் தகுந்த ஆதாரம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆய்வு ஏற்கப்படாது, அவள் பதிவும் அன்றோடு காலாவதி. மூன்று வருஷமும் மீன் கூடையும் வீண். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே நான் கிளம்பிப் போய் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் டாக்டர் ஸமீஹாவைப் பார்த்தேன். கண்டிப்பான அம்மாள், ஆனால் சிரித்த முகத்தோடுதான் கண்டிக்கிறார். “ஹாஜி, அது ஹிஜ்ரி வருஷம்னு எனக்கும் தெரியும். ஆனா எனக்குத் தெரியுங்கிறது ஆதாரம் ஆகாது” என்றார். “அப்ப எனக்குத் தெரியுங்கிறது?” என்று கேட்டேன். “அது அதைவிடக் கம்மி” என்றார். பிறகு ஒரு தாளை என் கையில் கொடுத்தார். எந்த இணையப் பக்கத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. யார் எழுதினார்? அவருக்கு எப்படித் தெரிந்தது? எப்போது எழுதினார்? அவரைப் பார்த்து எழுதாத இன்னொருவர் அதையே சொல்கிறாரா? உஸ்தாத், இது என்னுடைய தொழில்! முப்பத்தாறு வருஷம் நான் கேட்ட கேள்விகள்தானே இவை! கையெழுத்து இல்லாத தாளை நான் வாங்கி வைத்ததே கிடையாது. ஐந்து நிமிஷத்தில் முடித்துக் காட்டுகிறேன் அம்மா என்று மார்தட்டிவிட்டு வந்தேன். மேற்படி மார்தட்டல் நடந்து இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகிறது.

நகரசபையின் பழைய பேரேடு கையில் இருந்தால் உண்மையிலேயே ஐந்து நிமிஷம்தான். ஆனால் நான் ஓய்வு பெறும்போது அவை எல்லாவற்றையும் கோணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பெரிய கிடங்குக்கு நானே அனுப்பிவிட்டேன். கிடங்குக்குக் கூரை மாற்றுகிறார்களாம், அடுத்த வருஷம்தான் திறப்பார்களாம். ஆகவே இணையத்தில் இறங்கினேன். ஒற்றை விரலால் தட்டுகிறவன்தான், ஆனாலும் எடுத்த காரியத்தை விட்டதில்லை. ஐஸ் என்று தேடினால் வட துருவம் வருகிறது, குளிர்சாதனப் பெட்டி விற்கிறவன் வருகிறான், ஐஸ் கட்டியை முகத்தில் தேய்த்தால் வயசு குறையும் என்று ஒரு பெண்மணி வருகிறார். அதை நஜாத் மூன்று தடவை பார்த்தாள். ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடக் கற்றுக்கொண்டேன். அப்போதுதான் விஷயத்தின் பயங்கரம் புரிந்தது. நாற்பத்து மூன்று இடங்களில் எங்கள் ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. நாற்பத்து மூன்றிலும் 1317. சுற்றுலாப் பக்கம் ஒன்று “எழுநூறு ஆண்டுகளாக ஜில்லென்று நிற்கும் அதிசயம்” என்கிறது. நெடுஞ்சாலையில் இருக்கிற மீன் உணவகக்காரன் பலகையிலேயே “1317 முதல் தங்கள் சேவையில்” என்று போட்டுவிட்டான். அவன் அப்பா அந்தக் கடையைத் திறந்த அன்றைக்கு ரிப்பன் பிடித்தவனே நான்தான். கேட்டால், “ஹாஜி, தொழிற்சாலை வருஷம்தான் கடை வருஷமும். இன்டர்நெட்லயே போட்டிருக்கான், நீங்க என்ன இன்டர்நெட்டைவிடப் பெரியவரா?” என்கிறான்.

எது கேட்டாலும் பதில் சொல்கிற செயற்கை மூளை ஒன்று இருக்கிறதாமே, அதையும் விட்டுவைக்கவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசிற்று, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1317-இல் ஒரு சுல்தான் மீனவர்களின் துன்பம் பொறுக்காமல் மேற்படி தொழிற்சாலையைக் கட்டினார் என்று ஆரம்பித்து, சுல்தான் கண் கலங்கியது வரை சொல்லி, ஆதாரமாக நான்கு புத்தகங்களின் பெயர்களையும் பக்க எண்களோடு கொடுத்தது. லுப்னா நான்கு நாள் நூலகத்தில் தேடினாள். அப்படிப் புத்தகமே உலகத்தில் கிடையாது. நான் திரும்பிப் போய் அதைத் திட்டினேன். “தாங்கள் சொல்வது முற்றிலும் சரி, தவறுக்கு வருந்துகிறேன், சரியான ஆண்டு 1217” என்றது. இன்னும் இரண்டு முறை திட்டியிருந்தால் நூஹ் நபியின் கப்பலிலேயே ஐஸ் ஏற்றியிருக்கும்.

பல்கலைக்கழக நூலகத்துக்கென்று ஒரு மின்தொகுப்பு இருக்கிறது, மாணவர் எண்ணைக் கொடுத்து உள்ளே போக வேண்டும். லுப்னா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். “பாபா, இதுல இருக்கறது மட்டுந்தான் நிஜமான சரக்கு. யார் எழுதினா, யார் படிச்சுச் சரிபார்த்தா, எல்லாம் இருக்கும். மத்ததெல்லாம் ஒருத்தன் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கறவனும் விடற மாதிரி” என்றாள். அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைக்கூட ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு ஒழுங்கு. ஆவலாக 1899-ஐத் திறந்தோம். ஏப்ரல் வரை இருக்கிறது. மே முதல் டிசம்பர் வரை மூலப் பிரதி கிடைக்கவில்லை என்று ஒரு வரி. ஹிஜ்ரி 1317 அந்த மே மாதத்தில்தான் பிறந்தது. உஸ்தாத், நான் மேசையைத் தட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் வேறு வழியில் போனேன். பழைய சுவர் நாட்காட்டியைக் கிழித்துப் பின்பக்கத்தில் நாற்பத்து மூன்று இடங்களின் பெயர்களையும் எழுதி, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கோடு இழுத்தேன். மேற்படி கோடுகள் எங்கே போய் முடிகின்றன என்றால் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அப்பாஸ் அச்சிட்டு வெளியிட்ட ‘நமது ஊர்’ என்ற புத்தகத்தில். அச்சில் வந்த புத்தகம்! சந்தோஷமாக அப்பாஸிடம் ஓடினேன். நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஐம்பது வருஷமாக ஒரே முடிதிருத்தகம். அங்கேதான் பிடித்தேன், பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தான். “அப்பாஸ், 1317ங்கிற வருஷம் உனக்கு எங்கேயிருந்து கிடைச்சுது?” என்றேன். “இணையத்துலேருந்து” என்றான். “இணையத்துல எங்கே?” “ஃபானூஸ்ல.” ஃபானூஸைத் திறந்து பார்த்தால், 1317 என்கிற எண்ணுக்குப் பக்கத்தில் தாங்கள் கொடுத்திருக்கிற ஆதாரம் என்ன? அப்பாஸின் புத்தகம்! அவன் தங்களைப் பார்த்து எழுதினான், அவன் எழுதினான் என்பதால் தாங்கள் நம்பினீர்கள். இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கிறீர்கள், கீழே தரையே இல்லை. “ஏண்டா, நீ வரலாற்று வாத்தியார்தானே, நீராவியும் சுல்தானும் ஒண்ணா வந்தா சந்தேகம் வராதா?” என்று கத்தினேன். “வந்துச்சு ஹாஜி. ஆனா எழுதினவன் ரொம்பத் தெளிவா எழுதியிருந்தான். ஊர்ல யாரோ விஷயம் தெரிஞ்சவன்னு நெனச்சேன்” என்றான்.

சரி, தங்கள் பக்கத்தை நானே திருத்திவிடலாம் என்று பார்த்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள் அல்லவா? 1317-ஐ அழித்து 1899 என்று போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் பழையபடி 1317. மறுபடி போட்டேன். மறுபடி 1317, கூடவே “நம்பகமான ஆதாரம் தேவை” என்று ஒரு குறிப்பு. நானே ஆதாரம், நான் இந்த ஊர்க்காரன் என்று எழுதினேன். மூன்றாம் முறை தங்கள் காவல் இயந்திரம் என்னை “நாசவேலைக்காரர்” என்று பெயர் சூட்டி ஏழு நாள் உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது. நாசவேலை! நான்! லுப்னா, “பாபா, கத்தாதீங்க, பக்கத்து வீட்ல தூங்கற குழந்தை எழுந்துடும்” என்றாள். மத்தியானத்தில் எந்தக் குழந்தை எழுந்தாலும் எழுந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் கத்தினேன்.

இவ்வளவையும் டாக்டர் ஸமீஹாவிடம் போய்ச் சொன்னேன். நான் வரைந்த கோடுகளை அவர் நெடுநேரம் பார்த்தார். “ஹாஜி, அழகா வரைஞ்சிருக்கீங்க. நாப்பத்து மூணும் ஒரே ஆணியில தொங்குது. முதல்முதலா இதை ஃபானூஸ்ல எழுதினவன் யாரு? அவனைக் கண்டுபிடிச்சு, ‘நான் கல்லைப் பார்த்து எழுதினேன், கல்லுல இருந்தது ஹிஜ்ரி வருஷம், கி.பி.ன்னு எழுதினது என் தப்பு’ன்னு எங்க மூணு பேர் முன்னால சொல்லிக் கையெழுத்துப் போட வையுங்க. ஆணி கழண்டா நாப்பத்து மூணும் விழுந்துடும். அப்புறம் கல்லே போதும்” என்றார். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

உடனே தங்கள் பக்கத்தின் பழைய வரலாற்றைக் கிளறினேன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் பெயர் “உண்மையின் காவலன்.” தனக்குத்தானே இப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறவனின் மண்டைக் கனத்தைப் பாருங்கள் உஸ்தாத்! நான் அவனுடைய எழுத்தைப் பலமுறை படித்துவிட்டேன், ஆள் எப்படிப்பட்டவன் என்று புட்டுப் புட்டு வைக்க முடியும். ஒரே பத்தியில் ஏழு இடத்தில் “மேற்படி” போட்டிருக்கிறான். மேற்படி கட்டடம், மேற்படி இயந்திரம், மேற்படி மேற்கூரை. ஏதோ அலுவலகத்தில் மூலையில் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்த அரைகுறைக் குமாஸ்தா. தனக்கு எல்லாம் தெரியும் என்கிற ரகம். யாரிடமும் கேட்டிருக்க மாட்டான், எழுதியதைத் திருப்பிப் படித்திருக்க மாட்டான். இவனோடு குடும்பம் நடத்துகிறவள் பாவம் என்று நஜாத்திடம் சொன்னேன். “பாவந்தான்” என்றாள்.

எனக்கு அப்பாஸ்மேல் சந்தேகம் வந்தது. முடிதிருத்தகத்தில் எல்லார் முன்னாலும், “நீதானேடா அந்தக் காவலன்? ஒத்துக்க!” என்று கேட்டும் விட்டேன். அவன் சோப்பைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். பத்து நாளாகப் பேச்சில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறான். போகட்டும். என் மகள் முக்கியமா, அவன் தாடி முக்கியமா?

ஆகவே நான் தங்களிடம் கேட்டுக்கொள்வது, கேட்டுக்கொள்வது என்ன, வற்புறுத்துவது இவ்வளவுதான். 1317 என்பதை இன்றே 1899 என்று மாற்றுங்கள். மேற்படி உண்மையின் காவலனின் உண்மைப் பெயர், தகப்பன் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் எனக்கு அனுப்புங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்று பேராசிரியர்கள் முன் நிறுத்தாமல் நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அதற்குப் பிறகு மேற்படி ஆசாமியைத் தங்கள் களஞ்சியத்தில் ஆயுளுக்கும் எழுத முடியாதபடி தடை செய்ய வேண்டும். இவன் மாதிரி ஆட்களால்தான் படிக்கிற பிள்ளைகள் அழிகிறார்கள். அவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லி யார் பரிந்து பேசினாலும் தாங்கள் காது கொடுக்கக் கூடாது. நான் இதை விடப்போவதில்லை. பதில் வராவிட்டால் நேரில் வருவேன், வந்து தங்கள் அலுவலக வாசலில் உட்காருவேன். எனக்கு வேறு வேலை கிடையாது, ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது.

தங்கள் பேனாவுக்கு நீதியும், தங்கள் இயந்திரங்களுக்குக் கொஞ்சம் புத்தியும், தங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களும் கிடைக்க வேண்டி, நஜாத்தின் சலாமும் லுப்னாவின் சலாமும் சேர்த்து,

இப்படிக்கு,
எண்ணில் தவறாத,
ஹாஜி ஃபிக்ரி அப்துல் பாகி.

பின்குறிப்பு. புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

மேலே கண்ட கடிதத்தைத் தங்கள் புகார்ப் பக்கத்தின் வழியாக அனுப்பலாம் என்று நேற்றிரவு உட்கார்ந்தேன். அனுப்ப வேண்டுமானால் உறுப்பினராகச் சேர வேண்டும் என்றது. சேரலாம் என்று என் மின்னஞ்சலைத் தட்டினேன். இந்த முகவரியில் ஏற்கெனவே ஓர் உறுப்பினர் இருக்கிறார் என்றது. எவனோ என் முகவரியையும் திருடிவிட்டான் என்று நஜாத்தைக் கூப்பிட்டேன், லுப்னாவையும் கூப்பிட்டேன். கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று கேட்டது. நான் வைத்தால்தானே மறப்பதற்கு என்று சொல்லிக்கொண்டே அமுக்கினேன். தங்கள் முதல் பணியிடம் எது என்று கேட்டது. கஃப்ர் நவ்ரஸ் நகரசபை என்று போட்டேன். கதவு திறந்தது. உள்ளே பெரிய எழுத்தில், “மீண்டும் நல்வரவு, உண்மையின் காவலன்! தங்களைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன” என்று இருந்தது.

மூன்று பேரும் திரைக்குக் கிட்டே போய் அதை மறுபடி படித்தோம். பிறகு நஜாத்துக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. “லுப்னா அப்பா, ரிட்டையர் ஆனப்ப ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மாதிரி ஒரு தட்டற பலகை குடுத்தாங்களே, ஒரு வெள்ளிக்கிழமை பூரா அதைத் தட்டிட்டே இருந்தீங்களே, சாப்பாடு ஆறிப்போச்சுன்னு கத்தினேனே, ‘ஊருக்கு ஒரு சேவை பண்றேன், தொந்தரவு பண்ணாதே’ன்னீங்களே!” என்றாள். எனக்கும் இப்போது ஞாபகம் வருகிறது உஸ்தாத். மறுவாரமே அந்தப் பலகை டீயில் விழுந்தது, அதோடு அந்தச் சேவையை மறந்தே போனேன். ஆண்டு என்று ஒரு கட்டம் இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கல் இருந்தது. அது வருஷம் கேட்டது, நான் வருஷம் கொடுத்தேன். எந்த நாட்காட்டி என்று அதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கி.பி. என்பதைத் தங்கள் இயந்திரம் தானாகப் போட்டுக்கொண்டது. நான் திருப்பிப் படித்திருந்தால் பார்த்திருப்பேன், படிக்கவில்லை. அந்தக் கொத்தனார் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவர் கட்டியது மட்டும் இன்னும் விழாமல் நிற்கிறது.

ஆகவே, முகவரி தேவையில்லை, தெரியும். எண்ணில் தவறாத என்று மேலே கையெழுத்துக்குமுன் போட்டிருப்பதையும், கடிதத் தொடக்கத்தில் முப்பத்தாறு வருஷம் என்று பீற்றிக்கொண்டதையும் தயவுசெய்து அடித்துவிடவும். குமாஸ்தாவைப் பற்றி எழுதியதை அடிக்க வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது. இன்று காலை ஒரு நல்ல மடவை மீனைத் தாளில் சுற்றிக்கொண்டு அப்பாஸ் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “உள்ளே வா, மேற்படி” என்றான். இனி ஊரில் எனக்கு இதுதான் பெயர் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

டாக்டர் ஸமீஹாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “ஹாஜி, வாங்க. நாற்காலி போட்டு வைக்கிறோம்” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நஜாத் என் நீலக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கைப்பேசியைத் தட்டுகிற அந்த மகானுபாவர் முன்னால் நின்று நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே காது சூடாகிறது, ஆனாலும் போகாமல் விடப்போவதில்லை. லுப்னா முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு ஒரு மாதமாக அழாத அழுகையை எல்லாம் என் தோளில் அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “பாபா, மூணு வருஷமாத் தேடறேன், எனக்குக் கிடைச்ச ஒரே மூல ஆதாரம் நீங்கதான். முதல்லேருந்து சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. அன்னிக்குக் கல்லைப் பார்த்தப்ப மணி என்ன?” என்றாள்.

மேற்படி ஆசாமியை ஆயுளுக்கும் தடை செய்யச் சொன்னேன் அல்லவா, அதை மட்டும் வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் அவன் தன் கையால் ஒரு எண்ணைத் திருத்த வேண்டியிருக்கிறது.